காட்டு இரட்டைத்திமில் ஒட்டகமும் அதன் வாழிட அச்சுறுத்தல்களும்

காட்டு இரட்டைத்திமில் ஒட்டகம் அல்லது காட்டுப் பாக்திரிய ஒட்டகம் என்பது சீனா, மங்கோலியா ஆகிய இரு நாடுகளின் பாலைவனங்களில் மட்டுமே எஞ்சியுள்ள ஒரு பாலூட்டி இனமாகும். இயற்கையில் சுமார் ஆயிரம் விலங்குகளே உயிர்வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008-இல் இதனை மிக அருகிய இனமாகப் பட்டியலிட்டது.

தனி இனம்

இது வீட்டு ஒட்டகம் தப்பியோடிக் காட்டில் பெருகியதன்று. வீட்டு இரட்டைத்திமில் ஒட்டகத்தின் மூதாதையரிடமிருந்து இவ்வினம் ஏறத்தாழ 7 முதல் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று மரபணு ஆய்வுகள் கணிக்கின்றன. மனிதர் ஒட்டகத்தைப் பழக்கத் தொடங்கியதோ சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். காட்டு ஒட்டகத்தின் உடல் மெலிந்தது, திமில்கள் சிறியவை, கூம்பு வடிவானவை, மண்டையோடு தட்டையானது.

வாழிடம்

சீனாவில் தக்கிலமாக்கான் பாலைவனம், லொப் நூர் ஏரிப்படுகையை ஒட்டிய பகுதிகள் ஆகியவற்றிலும், மங்கோலியாவில் பெரும் கோபிப் பாதுகாப்புப் பகுதியிலும் இவை வாழ்கின்றன. இங்கு குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு மிகக் கீழே செல்லும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தொடும். நன்னீர் கிடைக்காத இடங்களில் இவை கடல்நீரை விட உப்பு மிகுந்த ஊற்றுநீரையும் குடித்து வாழும் திறன் பெற்றவை.

லொப் நூர் பகுதியில் சீனா 1964 முதல் 1996 வரை சுமார் 45 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. அக்காலத்தில் இப்பகுதிக்குள் மக்கள் நுழையத் தடை இருந்தது. வேட்டைக்காரரும் கால்நடைகளும் வராததால் ஒட்டகங்கள் இங்கு எஞ்சின. சோதனைகள் நின்றபின் அந்தத் தனிமை குறையத் தொடங்கியது.

அச்சுறுத்தல்கள்

* சுரங்கத் தொழில்: லொப் நூரின் உப்புநீரிலிருந்து பொட்டாசிய உரம் பெருமளவில் எடுக்கப்படுகிறது. இதற்காகச் சாலைகளும் தொடருந்துப் பாதையும் அமைக்கப்பட்டுள்ளன. சட்டவிரோதமாகத் தங்கம் தோண்டுவோர் பயன்படுத்தும் சயனைடு மண்ணையும் நீரையும் நஞ்சாக்குகிறது.
* நீர்ப் பற்றாக்குறை: வறட்சியால் ஊற்றுகள் வற்றும்போது ஒட்டகங்கள் எஞ்சிய சில ஊற்றுகளில் கூடுகின்றன. ஓநாய்களும் அதே ஊற்றுகளுக்கு வருவதால் குட்டிகள் எளிதில் இரையாகின்றன.
* கால்நடை மேய்ச்சல்: பாலைவன ஓரங்களில் மேயும் கால்நடைகள் புல்லுக்கும் நீருக்கும் போட்டியிடுகின்றன.
* வேட்டை: இறைச்சிக்காகவும், சில இடங்களில் மேய்ச்சல் நிலத்துக்குப் போட்டி எனக் கருதப்பட்டும் இவை கொல்லப்படுகின்றன.
* எல்லை வேலி: இரு நாட்டு எல்லையிலுள்ள வேலி ஒட்டகக் கூட்டங்களைப் பிரித்து, அவை கலந்து இனம்பெருகுவதைத் தடுக்கிறது.

கலப்பினப் பெருக்கம்

கண்ணுக்கு எளிதில் புலப்படாத அச்சுறுத்தல் இது. மங்கோலியாவில் வீட்டு ஒட்டகங்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. அவை பாதுகாப்புப் பகுதியின் ஓரத்தில் மேயும்போது காட்டு ஒட்டகங்களுடன் இணைகின்றன. பிறக்கும் கலப்பினக் குட்டிகளும் இனப்பெருக்கம் செய்யக்கூடியவை. இவ்வாறு கலப்பு தலைமுறை தலைமுறையாகப் பரவினால், பாலைவனத்தில் ஒட்டகங்கள் தொடர்ந்து நடமாடினாலும் தூய காட்டினம் மறைந்துவிடும். வேட்டையைத் தடுப்பது மட்டும் இவ்வினத்தைக் காக்கப் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

மேலும், பெண் ஒட்டகத்தின் கருக்காலம் சுமார் 13 மாதங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு குட்டியே பிறக்கும். ஆகவே இழந்த எண்ணிக்கையை இவ்வினம் விரைவில் ஈடுசெய்ய முடியாது.

பாதுகாப்பு முயற்சிகள்

மங்கோலியா 1970-களின் நடுப்பகுதியில் பெரும் கோபிப் பாதுகாப்புப் பகுதியை அமைத்தது. பிரித்தானியரான யோன் ஏர் 1997-இல் காட்டு ஒட்டகப் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கினார். லொப் நூர் பகுதியைக் காப்பகமாக்க அவர் முயன்றார்; பின்னர் சீனா அங்கு தேசியக் காட்டு ஒட்டகக் காப்பகத்தை ஏற்படுத்தியது. மங்கோலியாவின் சக்கின் உசு என்னுமிடத்தில் வேலியிட்ட இனப்பெருக்க மையம் ஒன்றும் இயங்குகிறது. அங்கு தூய காட்டு ஒட்டகங்கள் வளர்க்கப்பட்டு, சில மீண்டும் கோபியில் விடப்பட்டுள்ளன.

ஆயினும் காப்பகம் என்று அறிவிப்பதால் மட்டும் பயன் விளையாது. ஊற்றுகள் வற்றாமல் காத்தல், வீட்டு ஒட்டகங்களைக் காப்பக எல்லைக்கு வெளியே வைத்திருத்தல், சுரங்கப் பணிகளைக் கட்டுப்படுத்துதல் ஆகிய மூன்றும் ஒருசேர நடந்தால்தான் இவ்வினம் இயற்கையில் நிலைக்கும்.