கல்கியின் ‘புதிய வெளியீடு’: எது புதிது, எது வெறும் அட்டை?

செப்டெம்பர் கொழும்புப் புத்தகக் கண்காட்சி நெருங்குகிறது. முற்பதிவு விளம்பரங்களைப் பார்த்துவிட்டு காரைதீவு, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனைப் பக்கமிருந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: ‘பொன்னியின் செல்வன்’ புதிய வெளியீடு என்கிறார்களே, அதில் புதிதாக என்ன இருக்கிறது? ஆறாம் பாகம் வருகிறதாமே, உண்மையா? வந்தியத்தேவன் யார், ஊமை ராணி யார் என்பதைத் திரைப்படம் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதால், அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 1950 ஒக்டோபரில் தொடங்கிய தொடர் 1954 மே மாதம் முடிந்தது. அதே ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி கல்கி காலமானார். அப்போது அவர் கையில் இருந்தது ‘அமரதாரா’ என்ற சமூக நாவல். அதை மகள் ஆனந்தி எழுதி முடித்தார். எழுத்தில் இருப்பவை என்ற பட்டியல் அத்தோடு மூடப்பட்டது. வெளிவர இருப்பவை என்ற பட்டியல் மட்டும் ஆண்டுக்காண்டு நீண்டுகொண்டே போகிறது.

இதற்குக் காரணம் நாட்டுடைமை. எழுத்தாளரைக் கௌரவிப்பதாக அரசு சொல்லும்; நடப்பது ஒரு கொடுக்கல் வாங்கல். தமிழக அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து உரிமையை வாங்கி, வாங்கிய கையோடு அதைத் தெருவில் வைத்துவிடுகிறது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 1949இல் பாரதியில் தொடங்கிய இந்த வழக்கம் 1999இல், கல்கியின் நூற்றாண்டின்போது, அவரிடம் வந்தது. மூலப்பிரதி இதுதான், இதற்குக் குறைவாக எதையும் விற்கக் கூடாது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை என்பதுதான் இதில் கவலைக்குரியது. பதிப்பு எண் என்ன ஆகிறது என்று பாருங்கள். அட்டையைப் புரட்டி, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் போனால் ‘முதற்பதிப்பு’ என்று போட்டு, பக்கத்தில் நேற்றைய ஆண்டு ஒன்று நிற்கும். அது பொய்யல்ல, அந்தப் பதிப்பகத்துக்கு அது முதற்பதிப்புத்தான். ஒவ்வொரு பதிப்பகமும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவதால், எழுபது ஆண்டு கடந்த நாவல் எப்போதும் புதுப் புத்தகமாகவே கடைக்கு வருகிறது. சட்டத்தை மீறாமல் பழையதைப் புதிதாக்கும் இந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். காசு கொடுக்கிற வாசகருக்கு மட்டும் அது உதவாது.

விலை குறைந்ததே, அது நன்மை இல்லையா என்று கேட்கலாம். நன்மைதான். ஐந்து பாகத்தையும் சேர்த்து வாங்க முடியாத வீடுகளுக்கு மலிவுப் பதிப்பு போய்ச் சேர்ந்தது நாட்டுடைமையால்தான். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் மலிவு வேறு, குறைப்பு வேறு. சுருக்கப் பதிப்பு என்று அட்டையில் சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்றால் கண்டுபிடிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. அதற்கு ஒரு வழி உண்டு. பொருளடக்கத்தைத் திறந்து அத்தியாயங்களை எண்ணுங்கள்: புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91, மொத்தம் 293. கடைசியில் கல்கியின் முடிவுரை இருக்க வேண்டும். கதையைச் சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று குறைப்பட்ட வாசகர்களுக்கு அவர் பதில் சொல்லி, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லும் இடம் அதுதான். அது இல்லாத பிரதியை வாங்குகிறவர், ஆறாம் பாகம் எங்கே என்று கேட்பதில் வியப்பில்லை.

ஆறாம் பாகம் கிடையாது. விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாக எழுதப்பட்டது. அதைக் கல்கியின் கணக்கில் எழுதக் கூடாது. பாலகுமாரனின் ‘உடையார்’ ராஜராஜனைப் பற்றிய தனி நாவல்.

தமிழக அரசாணை இலங்கையில் செல்லுமா? எமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பாதுகாப்புத் தருகிறது; கல்கியைப் பொறுத்தவரை அந்தக் காலமும் 2024 டிசெம்பர் 31உடன் முடிந்துவிட்டதால் இனி அந்தக் கேள்வியே எழாது.

படங்களும் இலவசமா? இல்லை, ஓவியம் ஓவியருக்குரியது, அதன் கணக்கு வேறு.

சாண்டில்யன் புது நாவல்? அவர் 1987இல் காலமானார், வருவதெல்லாம் மறுபதிப்பு.

கிழக்கிலிருந்து சரித்திர நாவல் ஏதும் உண்டா? தமிழின் முதல் சரித்திர நாவலாகச் சொல்லப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் தந்தவர் திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை, அதைக் கண்காட்சியில் கேட்டுப் பாருங்கள்.