திராட்சை இலையின் சாட்சியம்

ஒரே இனமாகிய திராட்சைக் கொடியில் ஆயிரக்கணக்கான ரகங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றன் இலை விரித்த கைவிரல்களைப் போல ஆழப் பிளந்து ஐந்து மடல்களாய் நிற்க, மற்றொன்றன் இலை பிளவே இன்றி வட்டமாய்த் திரண்டிருப்பதைக் காண்பவர், இவை வெவ்வேறு இனங்களே என்று சாதித்தாலும் வியப்பதற்கில்லை. போதாக்குறைக்கு, ஒரே கொடியில்கூட அடியிலைக்கும் நுனியிலைக்கும் ரூபம் மாறும். ஆகையால், பிரான்ஸின் மோன்பெலியே நகரில் பணியாற்றிய பியர் காலே, கிளையின் நடுவே முதிர்ந்து நிற்கும் இலைகளையே தேர்ந்து, காம்பின் முனையிலிருந்து புறப்படும் நரம்புகளின் நீளத்தையும் அவற்றிடையே விழும் கோணங்களையும் அளந்து, ரகமறிதலை நுட்பமான சாஸ்திரமாக வளர்த்தார்.

அந்தப் பயிற்சியின் மகிமை 1994 நவம்பரில் சிலி நாட்டில் வெளிப்பட்டது. மெர்லோ என்று நம்பித் தலைமுறைகளாகப் பயிரிட்டுவந்த தோட்டத்தில், சில கொடிகள் மட்டும் சில வாரங்கள் தாமதித்தே பழுப்பதன் காரணம் எவருக்கும் விளங்காதிருக்க, காலேயின் மாணவர் ழான்-மிஷெல் பூர்சிக்கோ, இலையையும் மலரின் முறுக்கிய மகரந்தத் தாள்களையும் நோக்கி, இது மெர்லோ அன்று, பிரான்ஸில் வேர்ப்பூச்சிக்கு இரையாகி ஏறக்குறைய மறைந்துபோன கார்மெனேர் என்று அறிவித்தார். மெர்லோவின் தளிரடியில் வெண்மை, கார்மெனேருக்கோ செம்மை. பின்னர் நடந்த மரபணுச் சோதனையும் அந்தக் கண்களுக்கே சாட்சி சொன்னது.

ஆயினும் ஒரு ரகத்தின் பெற்றோர் யாவர் என்பதை இலை நிச்சயமாய் உரைப்பதில்லை. டி.என்.ஏ.யில் சிறியதோர் எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் இடங்கள் பல உள. அது எத்தனை முறை மீள்கிறது என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடுவதாலும், அத்தகைய ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிரதி தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருவதாலும், வம்சத்தை அவற்றிலிருந்து படித்துவிடலாம். இவ்வாறுதான் 1997இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜான் பவர்ஸும் கேரல் மெரெடித்தும், புகழ்வாய்ந்த கருந்திராட்சையாகிய கேபர்னே சோவின்யோனுக்குக் கேபர்னே ஃப்ராங்கும், வியக்கத்தக்க வகையில் வெண்திராட்சையாகிய சோவின்யோன் பிளாங்கும் பெற்றோர் என்று நிறுவினர்.

இனி இலையைப் பார்ப்பானேன் என்று கருதுவோர், பினோ மூனியே என்னும் கொடியைச் சற்றே ஆராய வேண்டும். வழக்கமான மரபணுச் சோதனையில் அது பெரும்பாலும் பினோ நுவாரினின்று பிரித்தறிய இயலாதது. ஆனால் அதன் தளிரோ வெண்ரோமம் போர்த்து நிற்பதால், பழகிய கண் தொலைவிலேயே இனங்கண்டுவிடும். ஆஸ்திரேலியாவில் பால் பாஸும் மார்க் தாமஸும் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதன் ரகசியத்தை விளக்கிற்று: அக்கொடியின் மேலடுக்கு உயிரணுக்களில் மட்டும் ஒரு மரபணு பிறழ்ந்திருக்கிறது. உள்ளடுக்கிலிருந்து அவர்கள் வளர்த்த கன்று பினோ நுவாரைப் போலவே ரோமமற்ற இலைகளை விட, மேலடுக்கிலிருந்து வளர்த்த கன்றோ குள்ளமாகி, பற்றுக்கம்பி தோன்றவேண்டிய இடங்களில் பூங்கொத்துகளை ஈன்றது.