உரம் விழுந்ததுன்னு உருட்டிக்கிட்டே இருக்காதீங்க... குடல் சொருகலா இருக்கலாம்!

ஏழு மாதக் குழந்தை. திடீரென வீறிட்டு அழுகிறது, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்கிறது. இரண்டு நிமிடத்தில் அடங்கித் துவண்டுபோகிறது. கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே வீறிடல்.

கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் கிராமங்களில் இதற்குப் பதில் தயாராக இருக்கும். "உரம் விழுந்திருக்கும் தாயி. சேலையில போட்டு நாலு உருட்டு உருட்டுனா சரியாப் போகும்." அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்புவதற்குள் உரம் எடுத்து, ஓமத்தண்ணி புகட்டி, ஒரு பகல் கழிந்திருக்கும்.

பாட்டிகளைக் குறை சொல்ல முடியாது. குழந்தைகளின் பெரும்பாலான அழுகை தானாக அடங்கிவிடும். ஆனால், இப்படி விட்டு விட்டு வரும் அழுகை வேறு ரகம்.

ரேடியோ ஏரியலை மடக்கும்போது ஒரு குழாய் இன்னொன்றுக்குள் போகிறதல்லவா? அதேபோல சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்துவிடுவதுதான் குடல் சொருகல். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் அதிகம் வரும். சளி, வயிற்றுப்போக்கை அடுத்தும் வரலாம். உள்ளே போன குடலுக்கு ரத்த ஓட்டம் குறையும், வீங்கும், நேரமானால் அழுகும். பச்சை வாந்தியும், சிவப்பு ஜெல்லி போல மலத்தில் ரத்தமும் வரும். ரத்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது பெரும்பாலும் தாமதமாகத் தெரியும் அறிகுறி.

கண்டுபிடிக்க வயிற்று ஸ்கேன் போதும். குறுக்கே வெட்டிய வெங்காயம் மாதிரி வளையத்துக்குள் வளையம் தெரியும். அடுத்து நடப்பதுதான் பலருக்கும் தெரியாதது. கத்தி வைக்காமலே சரிசெய்யலாம்! ஆசனவாய் வழியாக மெல்லிய குழாய் செருகி, சுமார் மூன்றடி உயரத்தில் தொங்கும் பாட்டிலில் இருந்து வெதுவெதுப்பான சலைனை இறக்குவார்கள். அந்த அழுத்தம் குடலைப் பின்னால் தள்ள, அது நழுவி விடுபடுவதை ஸ்கேன் திரையிலேயே பார்க்கலாம். காற்றைச் செலுத்தியும் செய்வார்கள். புதிய வித்தை இல்லை. டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1876-லேயே திரவ முறையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சீக்கிரம் வந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும். குடல் ஓட்டையாகியிருந்தாலோ அழுகியிருந்தாலோ ஆபரேஷன்தான். அரிதாக, அழுத்தம் கொடுக்கும்போதே குடல் ஓட்டையாகலாம் என்பதால், அறுவை சிகிச்சை மருத்துவர் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

பசுவந்தனையிலோ கழுகுமலையிலோ இருப்பவர்கள் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கு வந்து, அங்கிருந்து நெல்லைக்கோ மதுரைக்கோ போக வேண்டியிருக்கலாம். நெல்லையே ஒரு மணி நேரப் பயணம். அதனால்தான் வீட்டில் உருட்டும் நேரம் கணக்கில் வருகிறது. 108-ஐ அழையுங்கள். வழியில் கிரைப் வாட்டர், கஷாயம் எதுவும் புகட்ட வேண்டாம்.

குடல் விடுபட்டதும் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குத் திரும்ப வரும், பலருக்கு முதல் இரண்டு நாளிலேயே. அதே விட்டு விட்டு அழுகை கேட்டால், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மறுபடி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.