பேலூரும் ஹளேபீடும் வரும் ஒரு வீடியோ கேம்: வாங்கலாமா?

‘அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி’. நாட்டி டாக் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த கேம். 2017 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. கதை நடப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், கர்நாடகத்தில் ஆண்ட ஹொய்சள மன்னர்களின் இடிபாடுகளுக்கு நடுவே. அதனால்தான் உங்களுக்கும் ஆவல் வந்திருக்கும்.

கதை என்ன? அப்பா வழியில் இந்தியரான குளோயி ஃபிரேசர் ஒரு புதையல் வேட்டைக்காரி. முன்பு கூலிப்படை நடத்திய நடீன் ராஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, விநாயகரின் ஒடிந்த தந்தத்தைத் தேடிப் போகிறாள். பாரதம் எழுதுவதற்காகப் பிள்ளையார் தந்தத்தை ஒடித்துக்கொண்ட கதைதான் நமக்கு அதிகம் பழக்கம். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பரசுராமர் கோடரியால் ஒடிந்தது என்ற இன்னொரு புராணக் கதை.

‘அன்சார்ட்டட்’ வரிசையின் முந்தைய பாகங்களை ஆடாவிட்டால் புரியுமா? தாராளமாகப் புரியும். இது தனிக் கதை. அவசரமில்லாமல் ஆடினால் எட்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் முடிந்துவிடும்.

இதில் மிகச் சிறந்தது எது? சந்தேகமே இல்லை, நான்காம் அத்தியாயம். ஒரு ஜீப்பைக் கொடுத்து, சேறும் அருவியும் புல்வெளியுமான பெரிய பள்ளத்தாக்கில் உங்களை இறக்கிவிடுகிறார்கள். அங்கே எந்த இடிபாட்டுக்கு முதலில் போவது என்பது உங்கள் விருப்பம். திரையில் அம்புக்குறி வந்து இழுத்துக்கொண்டு போகாது; குளோயி காகித வரைபடத்தை விரித்துப் பார்க்கிறாள், போய்வந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறாள். சறுக்கும் சேற்றில் ஜீப் ஏறாதபோது, அதன் வின்ச்சின் (வண்டி முன்னால் இரும்புக் கயிறு சுற்றியிருக்கும் கருவி) கயிற்றை மரத்தில் மாட்டி ஏற வேண்டும். வழியெல்லாம் குளோயியும் நடீனும் பேசிக்கொண்டே வருவார்கள். ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பெண்கள் மெல்ல மெல்லத் தோழிகளாவது அந்தப் பேச்சில்தான். அதைக் கேட்பதற்காகவே நான் ஜீப்பை நிறுத்தாமல் சுற்றியிருக்கிறேன்.

புதிர்கள் கடினமா? இல்லை. சிலை உருவங்களைத் திருப்பிச் சுவரில் சரியான நிழல் விழச்செய்யும் புதிர் ஒன்று உண்டு. அது அழகு. கோடரி வீசும் கற்சிலைகளுக்கு நடுவே தாவிப்போகும் புதிர் ஒன்றும் உண்டு. கொஞ்சம் யோசித்தால் போதும்.

இதைப் பார்த்து ஹொய்சளர் வரலாறு கற்கலாமா? கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கேமில் மலைக்குள் ஒளிந்த நகரங்களும் அருவிக்கு நடுவே வானளாவிய சிலைகளும் வரும். உண்மையான பேலூரும் ஹளேபீடும் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊர்கள். பஸ்ஸில் போய் இறங்கலாம். பேலூர் சென்னகேசவர் கோயிலை 1117-இல் விஷ்ணுவர்தனன் கட்டுவித்தான். ஹொய்சளர் கலையின் பெருமை உயரத்தில் இல்லை, நுணுக்கத்தில் இருக்கிறது: வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் மாக்கல்லில், விரல் மோதிரம்வரை செதுக்கியிருப்பார்கள். அந்த நுணுக்கம் கேமில் பெரிதாகத் தெரியாது. நம் கல்வெட்டுகள் ‘போசளர்’ என்று சொல்வது இந்த ஹொய்சளர்களைத்தான். சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரிலும் அவர்கள் ஆட்சி செய்தார்கள்.

வேறு குறைகள்? துப்பாக்கிச் சண்டை. இடிபாட்டின் அமைதியில் மனம் லயித்திருக்கும்போது, எங்கிருந்தோ பத்துப் பேர் சுட்டுக்கொண்டு வருவார்கள். முதல் சில தடவை விறுவிறுப்பு, பிறகு அலுப்பு. எதிரியான அசாவ் மிரட்டுகிறானே தவிர மனத்தில் நிற்பதில்லை. மலையேற்றத்தில் பிடிக்க வேண்டிய கல் எதுவென்று பளிச்சென்று தெரிந்துவிடும், அதனால் விழுந்துவிடுவோமோ என்ற பயமே இல்லை. கடைசி ரயில் காட்சி பிரமாதம்தான். ஆனால் ‘அன்சார்ட்டட் 2’ ஆடியவர்களுக்கு ஏற்கெனவே பார்த்தது போலிருக்கும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? ஆட்களைச் சுட்டுக் கொல்வதுதான் பாதி ஆட்டம். ஐரோப்பாவில் இதற்கு 16 வயது வரம்பு. சின்னப் பிள்ளைகள் இருந்தால், நீங்கள் ஆட, பக்கத்தில் உட்கார்ந்து ஜீப் பயணத்தையும் யானைக் காட்சியையும் மட்டும் பார்க்கட்டும்.

எதில் ஆடலாம்? பிளேஸ்டேஷன் 4-க்குத் தனியாக வந்தது. பிளேஸ்டேஷன் 5-க்கும் கணினிக்கும் 2022-இல் ‘அன்சார்ட்டட் 4’-உடன் சேர்த்து ஒரே தொகுப்பாக வந்தது. கணினியில் சுமார் 126 ஜிபி இடம் வேண்டும். வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியில் ஆர்வமில்லாதவர்கள் தொடக்கத்திலேயே ‘எக்ஸ்ப்ளோரர்’ நிலையை (சண்டை மிக எளிதாகும் அமைப்பு) தேர்ந்தெடுத்துவிடுங்கள். நான்காம் அத்தியாயத்தில் 11 ஹொய்சள வில்லைகளையும் தேடி எடுத்தால் ஒரு மாணிக்கக் காப்பு கிடைக்கும். பக்கத்தில் புதையல் இருந்தால் அது ஒலித்துக் காட்டும். அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டால் கதை உங்களை மறுபடி அந்தப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிவராது. காப்பை எடுத்துக்கொண்டே கிளம்புங்கள்.