சீருடை இல்லாத சிப்பாய்கள்!

கொலுப்படியில் பேண்டு வாத்தியப் பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேருக்கும் ஒரே தொப்பி, ஒரே சட்டை! வர்ணம் பூசுவது சுலபம். ஆனால் சீருடையே இல்லாத படைக்கு எப்படி வர்ணம் பூசுவது?

சின்னப் பொம்மைகளை மேஜைமேல் அணிவகுத்து நிறுத்தி, பழைய போர்களை விளையாடிப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் இதற்கு விதிகள் வகுத்து ஒரு புத்தகமே எழுதினார். இன்று பலர் வாங்கும் பொம்மையின் உயரம் 28 மில்லி மீட்டர். அதாவது, ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம்!

மேட்டூர் வழியாக வந்த படைகள்

மேட்டூர்ப் பக்கத்துக் காவேரிபுரம், மைசூர்ச் சீமையிலிருந்து கீழே இறங்கும் கணவாயின் வாசல். ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் போர்கள் நடந்த பூமி இது. சேலம் சீமை 1792-இலும், கோயமுத்தூர்ச் சீமை 1799-இலும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறின.

கும்பினிச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை. திப்புவின் காலாட்படைக்குப் புலிவரித் துணி. ஆனால் பாளையக்காரர்களின் படையில் இருந்தவர்களோ உழவர்கள், காவல்காரர்கள். மானிய நிலத்தை உழுதவர்கள், அழைப்பு வந்ததும் ஈட்டியைத் தூக்கினார்கள். வீட்டில் உடுத்திய துணிதான் போரிலும்!

வர்ணம் பூசும் வகை

பத்துப் பொம்மைகளையும் ஒரே மாதிரி பூசினால் அவர்களுக்கும் சீருடை மாட்டியதாகிவிடும். மூன்று நான்கு வர்ணங்களே போதும்: பழுப்பேறிய வெள்ளை, அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, காவி. ஒருவருக்கு நீலத் தலைப்பாகை. அடுத்தவருக்கு அதே நீலம் இடைக்கச்சையில். மூன்றாமவருக்குத் தோள் துண்டில். வர்ணம் ஒன்றுதான், ஆள் வேறு!

பளிச்சென்ற வெள்ளை வேண்டாம். துவைத்துத் துவைத்து வெளுத்த வேட்டி அப்படி இராது. மேனி நிறத்திலும் கறுப்பு, மாநிறம் என்று வேறுபாடு காட்டுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு, நீர்த்த பழுப்பு வர்ணத்தைத் தடவினால் துணி மடிப்புகள் எடுப்பாகத் தெரியும். கடைசியில் காலடியில் கொஞ்சம் செம்மண் நிறம்!

மாதிரிக்கு எங்கே போவது? ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைக்குப் போகலாம். 1780-இல் நடந்த பொள்ளிலூர்ப் போர் அங்கே சுவரோவியமாக இருக்கிறது. பல முறை புதுப்பிக்கப்பட்ட ஓவியம் அது. ஆகவே நிறத்தைவிட, உடை கட்டிய விதத்தைக் கவனிப்பதே நல்லது.

பாளையக்காரர்களின் பெயர்களை நாம் அறிவோம். சங்ககிரியில் 1805-இல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை மறக்கவில்லை. பின்னால் ஈட்டி பிடித்து நின்றவர்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும்? அவர்களுக்கு ஆளுக்கொரு முகமாவது கொடுக்க, ஒரு சின்னத் தூரிகை போதும்!