ஈர வத்தல் தின்னும் லாபம்

தோவாளைச் சந்தையில் பூவை அதிகாலையிலேயே விற்றுவிட வேண்டும். பொழுது ஏறினால் வாடிவிடும். வத்தல் அப்படியல்ல, ஆண்டு முழுவதும் இருந்து விற்கும் சரக்கு என்று நாம் நினைக்கிறோம். நன்றாகக் காய்ந்த வத்தலுக்குத்தான் அந்த எண்ணம் பொருந்தும்.

நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே மாசி, பங்குனி வெயிலிலேயே வீடுகளில் வத்தலும் மல்லியும் காயவைத்துப் பொடி திரித்துக்கொள்வது வழக்கம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயும் ஏறக்குறைய அந்த மாதங்களில்தான் சந்தைக்கு வருகிறது. புதுச்சரக்கு என்று ஆசைப்பட்டு வாங்கும்போதுதான் ஈரம் நம்மை ஏமாற்றும்.

கணக்கைப் பாருங்கள். பழுத்த மிளகாய் 100 கிலோ காய்ந்தால் 25 முதல் 35 கிலோ வத்தலே கிடைக்கும். இருப்பு வைக்கும் வத்தலில் ஈரம் சுமார் 10 சதவீதம் இருக்கலாம். 15 சதவீத ஈரத்தோடு 50 கிலோ சாக்கு ஒன்றை வாங்கினால், அது 10 சதவீதத்துக்குக் காயும்போது எடை 47 கிலோ 200 கிராம் ஆகிவிடும். 2 கிலோ 800 கிராம் தண்ணீருக்கு வத்தல் விலை கொடுத்திருக்கிறோம்!

காயாமல் கிடந்தாலோ நஷ்டம் இன்னும் பெரிது. பூஞ்சணம் பிடிக்கும். சிலவகைப் பூஞ்சணம் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுப்பது. மறுபடி வெயிலில் போட்டாலும், வறுத்தாலும் அது முழுவதும் நீங்காது. கறுத்த வத்தலை அரைவை மில்லுக்கு அனுப்பிச் சமாளிக்க நினைப்பது பெருந்தவறு.

வாங்கும்போது சாக்கின் நடுவே கைவிட்டு எடுத்துப் பாருங்கள். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். தோல் போல் மடங்கினால் ஈரம் உண்டு. ஒன்றிரண்டை உடைத்து உள்ளேயும் பாருங்கள். பூஞ்சணம் அங்கே ஒளிந்திருக்கும்.

வீட்டில் காயவைக்கும் வாடிக்கையாளர் யோசனை கேட்டால் சொல்லுங்கள்: பழுத்த மிளகாயை ஓரிரு நாள் நிழலில் குவித்து வைத்தால் நிறம் ஒன்றுபோல வரும். பிறகு வெறுந்தரையில் அல்லாமல் சுத்தமான தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பிக் கிளறிவிட வேண்டும். மாலையில் பனி படாமல் மூட வேண்டும். மோர் மிளகாய்க்குப் பகலில் வெயில், இரவில் உப்பு மோர். மோர் தீர்ந்தபின் மொறுமொறுப்பாகக் காய வேண்டும்.

கடையில் சாக்கைப் பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். வெயில் நேராகப் பட்டால் நிறம் மங்கும். சில்லறை விற்பனைக்கு மூடியுள்ள டின் நல்லது. மழைக்காலத்தில் அளவாகக் கொள்முதல் செய்யுங்கள்.

ஒரு வீட்டுக் குழம்பு கெட்டால், அந்த வீட்டு மளிகைச் சீட்டு முழுவதும் அடுத்த கடைக்குப் போய்விடும்.