பொறி மாற்றிய தானுந்துகளில் அரை அச்சுத்தண்டு

அரை அச்சுத்தண்டு என்பது தானுந்தின் டிஃபரன்சியல் எனப்படும் வேறுபாட்டுப் பல்லிணையில் இருந்து ஒரு பக்கச் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் உருக்குத் தண்டு ஆகும். இதன் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் மூட்டுகள் உள்ளன. சக்கரம் மேலும் கீழும் அசையும்பொழுதும் சுழற்சி தடைபடாமல் செல்ல இவை உதவுகின்றன. ஒரு விளையாட்டுத் தானுந்தின் பழைய பொறியை நீக்கி, மிகுதிறன் பொறி ஒன்றைப் பொருத்தினால், இத்தண்டுகளும் மூட்டுகளும் முன்பு எதிர்பாராத சுமையைத் தாங்க வேண்டியுள்ளது. ஓட்டத்தின்போது முறியும் தண்டு சுழன்று அடித்து, அருகிலுள்ள தடுப்புக் குழாய்களை அறுத்துவிடவும் கூடும். ஆகவே இவற்றின் தேர்வு பாதுகாப்புத் தொடர்பானதும் ஆகும்.

முறுக்குவிசைக் கணக்கு

அரை அச்சுத்தண்டை முறிப்பது குதிரைத்திறன் அன்று, முறுக்குவிசையே. பொறியின் முறுக்குவிசையை முதல் கியர் விகிதத்தாலும் இறுதிப் பல்லிணை விகிதத்தாலும் பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஒரு தண்டுக்கு வரக்கூடிய சுமை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 1969 இல் அறிமுகமான சப்பானிய டாட்சன் 240இசட் தானுந்தைக் கொள்ளலாம். இதன் 2.4 லிட்டர் ஆறு உருளைப் பொறி, அக்கால அமெரிக்க மொத்த அளவீட்டின்படி 151 குதிரைத்திறனும் ஏறத்தாழ 198 நியூட்டன்-மீட்டர் (நி.மீ) முறுக்குவிசையும் தந்தது. நான்கு கியர் கொண்ட அமெரிக்க வகையில் முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 3.5, இறுதி விகிதம் 3.36. எனவே ஒரு தண்டின் சுமை:

198 × 3.5 × 3.36 ÷ 2 = ஏறத்தாழ 1,160 நி.மீ

இதில் பலரும் பொருத்தும் பொறி, 1997 ஆம் ஆண்டு செவர்லே கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 ஆகும். இதன் முறுக்குவிசை ஏறத்தாழ 475 நி.மீ. முதல் கியர் விகிதம் 2.66, இறுதி விகிதம் 3.54 எனக் கொண்டால்:

475 × 2.66 × 3.54 ÷ 2 = ஏறத்தாழ 2,240 நி.மீ

பொறியின் முறுக்குவிசை 2.4 மடங்கு ஆனாலும், தண்டின் சுமை 1.9 மடங்கே ஆகியுள்ளது. புதிய கியர் பெட்டியின் முதல் கியர் விகிதம் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். விகிதங்களைக் கவனித்துத் தேர்ந்தெடுப்பது, செலவின்றித் தண்டைக் காக்கும் வழி எனலாம்.

டயரின் பங்கு

மேற்கண்ட சுமை முழுவதும் தண்டை எப்பொழுதும் அடைவதில்லை. டயர் தரையைப் பற்றும் அளவுக்கு மேல் முறுக்குவிசை வந்தால் சக்கரம் வழுக்கிவிடும். ஒரு பின்சக்கரத்தின் மீது 360 கிலோகிராம் பளுவும், உராய்வுக் கெழு 1.0 உம், சக்கர ஆரம் 0.31 மீட்டரும் எனக் கொண்டால், வழுக்கும் எல்லை ஏறத்தாழ 1,100 நி.மீ மட்டுமே. இதனால்தான் சாதாரண டயர்களுடன், மென்மையாக ஓட்டப்படும் வண்டியில் பழைய தண்டுகளே நெடுநாள் நிலைக்கின்றன.

பந்தய டயர் பொருத்தினால் நிலைமை மாறுகிறது. உராய்வுக் கெழு 1.5 ஆகவும், பளு 420 கிலோகிராமாகவும் உயர்ந்தால் எல்லை 1,900 நி.மீ-ஐ எட்டும். கிளட்சைத் திடீரென விடுவதும், சக்கரம் துள்ளித் துள்ளித் தரையைப் பற்றுவதும் அதிர்ச்சிச் சுமையை உண்டாக்குகின்றன. பல தண்டுகள் முறிவது இத்தருணங்களிலேயே.

விட்டமும் உலோகமும்

திண்மத் தண்டு ஒன்றின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 2,240 நி.மீ முறுக்குவிசையில் 25 மி.மீ தண்டின் மேற்பரப்பில் ஏறத்தாழ 730 மெகாபாசுக்கல் தகைவு தோன்றும். விட்டத்தை 28 மி.மீ ஆக்கினால் இது 520 ஆகக் குறையும். அதாவது 3 மி.மீ தடிப்பு, வலிமையை 40 விழுக்காடு கூட்டுகிறது.

தண்டின் முனையில் உள்ள ஸ்பிளைன் பற்களின் அடியில் தகைவு குவிகிறது. ஆகவே நல்ல தண்டுகளின் நடுப்பகுதி பற்களின் அடிவிட்டத்தைவிடச் சற்று மெல்லியதாகக் கடையப்படுகிறது. முறுக்கம் தண்டின் நீளம் முழுவதும் பரவ, அதிர்ச்சியின் ஒரு பகுதி உறிஞ்சப்படுகிறது.

வலுவான தண்டுகளுக்கு நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த 4340 உருக்கு பயன்படுகிறது. இதனுடன் சிலிக்கானும் வனேடியமும் சேர்த்த 300எம் உருக்கு மேலும் வலிமையானது. வானூர்தித் தரையிறங்கு கால்களிலும் பயன்படுவது. ஆயினும் மேற்பரப்புக் கீறலும் துருவும் இதனை எளிதில் பலவீனப்படுத்தும்.

மூட்டுகள்

240இசட் தண்டுகளில் யுனிவர்சல் ஜாயின்ட் எனப்படும் சிலுவை மூட்டுகள் உள்ளன. 17 ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஊக் விவரித்த இவ்வகை மூட்டு உறுதியானது. எனினும் கோணத்தில் சுழலும்பொழுது வெளிவேகம் சீராக இராது. 20 பாகைக் கோணத்தில், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இருமுறை ஏறத்தாழ 6 விழுக்காடு கூடிக் குறையும். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் மட்டுமே இவ்வேறுபாடு ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

மாறாவேக மூட்டில் இக்குறை இல்லை. 1920களில் ஆல்ஃபிரெட் ரெசெப்பா உருவாக்கிய வகையில் ஆறு உருக்குக் குண்டுகள் சுழற்சியைக் கடத்துகின்றன. 240இசட் உரிமையாளர்கள் பலர், 280இசட்எக்ஸ் டர்போவின் மாறாவேகத் தண்டுகளைப் பொருத்துகின்றனர். இதனினும் மிகுதியான சுமைக்கு, போர்ஷே 930 இன் 108 மி.மீ வெளிவிட்டம் கொண்ட மூட்டு விரும்பப்படுகிறது. கோணம் கூடக்கூட மூட்டில் வெப்பமும் தேய்மானமும் கூடும். வண்டியின் உயரத்தை மிகவும் குறைப்பவர்கள் இதனைக் கருதவேண்டும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறினால் எவ்வளவு வலுவான மூட்டும் விரைவில் பழுதாகும்.

வலுவற்ற கண்ணி

ஒரு பகுதியை மட்டும் வலுப்படுத்தினால் முறிவு அடுத்த பகுதிக்கு நகரும். 240இசட்டில் தண்டை மாற்றியபின், சக்கரத்தைத் தாங்கும் 25 பற்கள் கொண்ட முனைத்தண்டே வலுவற்றதாகிறது. ஆகவே 280இசட்டின் 27 பற்கள் கொண்ட தடித்த முனைத்தண்டும், 180 மி.மீ வளையப் பல்லிணை கொண்ட ஆர்180 இற்கு மாற்றாக 200 மி.மீ கொண்ட ஆர்200 உம் சேர்த்தே பொருத்தப்படுகின்றன. முனைத்தண்டு முறிந்தால் சக்கரமே கழன்றுவிடும். எனவே ஏதேனும் ஒன்று முறியத்தான் வேண்டுமெனில், அது வண்டியின் கட்டுப்பாட்டைக் குலைக்காத, எளிதில் மாற்றக்கூடிய பகுதியாக இருப்பதே நல்ல வடிவமைப்பு ஆகும்.

இவற்றையும் பார்க்க

முறுக்குவிசை
வேறுபாட்டுப் பல்லிணை
மாறாவேக மூட்டு
உள் எரி பொறி